உலக்கையில் பிரித்த டச்சுச் சொற்கள்

கையில் பச்சரிசி மாவு வாசம் இன்னும் போகவில்லை, மச்சான். பக்கத்து வீட்டு ராத்தா பெருநாள் பலகாரத்துக்கு மாவு இடிக்கத் துணைக்குக் கூப்பிட்டார். போய்விட்டு வந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருக்கத் தெம்பில்லை. உங்களோடு பேச வேண்டும் போலிருக்கிறது.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருடம் துறைமுகத்தில் உங்கள் வேலை போயிற்று. கொழும்பில் டச்சுக் கப்பலுக்குச் சமையலாள் எடுக்கிறார்கள், சமையல் சாமான்களின் பெயரை டச்சுக்காரன் பாஷையில் சொன்னால் போதும் என்று மண்டபத்தூர்க் கூட்டாளி வந்து ஆசை காட்டினார். ஒவ்வொன்றும் இரண்டு சொல் ஒட்டிய நீளச் சொல். முதல் சொல்லில்தான் கனம் விழ வேண்டுமாம். உங்களுக்கோ பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பழகிய காரைக்கால் நாக்கு. எதைச் சொன்னாலும் கடைசியில் போய் அழுத்தும்.

அன்றும் நான் மாவுதான் இடித்துக்கொண்டிருந்தேன். “புள்ள, மொதப் போடு பலமாப் போடு. அடுத்த ரெண்டையும் மெதுவா வுடு” என்று எதிரே வந்து உட்கார்ந்தீர்கள். உலக்கை விழ விழ, போட்டுக்கு ஓர் அசையாக நீங்களும் சொன்னீர்கள்: ஆர்ட்-அப்-பல். உருளைக்கிழங்கு. மண் ஆப்பிள் என்று அர்த்தமாம். “பிரெஞ்சுக்காரனும் இதையேதான் சொல்றான், மண்ணைக் கடைசியில வச்சிருக்கான்” என்று சிரித்தீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்குத் திருந்தினால் நீங்கள் என்னை விட்டுக் கப்பலேறிவிடுவீர்கள்.

“இங்கேயே ஏதாச்சும் வேலை பாருங்களேன் மச்சான்” என்றேன்.

“நீ இடி புள்ள” என்றீர்கள்.

போடை மாற்றிப் போட்டுக் கெடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கை கேட்கவில்லை. சரியாகவே இடித்தேன், உங்கள் நாக்கும் திருந்திவிட்டது.

கிளம்புவதற்கு முதல்நாள் எனக்கென்று ஒரு சொல் கொடுத்தீர்கள். டவுஸ்-கோம்ஸ்ட். முன்னது வீடு, பின்னது வருவது. “வீட்டு மேலதான் கனம், பாத்துக்க” என்றீர்கள். அதற்குப் பிறகு ஒரு முறைதான் வந்தீர்கள். அடுத்த பயணத்தில் காய்ச்சல் என்றும், ஏதோ ஒரு துறைமுகத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள் என்றும் சேதி மட்டும் வந்தது. ஒரு பிடி மண் போட நம் வீட்டில் யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை.

இன்றைக்கு ராத்தா பாதியிலேயே என் உலக்கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். “என்ன புள்ள, ஒரு போடு தரை அதிர வுழுது, அடுத்தது வுழவே மாட்டேங்குது. ஒடம்புக்கு என்ன?”

“அசதி ராத்தா” என்றேன்.

அசதிதான் மச்சான். டவுஸ் என்று பலமாக விழுந்துவிடுகிறது. கோம்ஸ்ட்டுக்கு உலக்கையைத் தூக்கத்தான் கை வரமாட்டேன் என்கிறது.