ஷாகிரா, என் பள்ளிக்குப் பையன்கள் வந்துவிட்டார்கள்

என் அன்பு ஷாகிராவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. அழுதுகொண்டே எழுதினால் திட்டுவாய் என்று இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது சொல்லியே ஆகவேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. நம் முப்பது வருடச் சண்டையில் நீ ஜெயித்துவிட்டாய்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சண்டை என்னவென்று தெரியாதல்லவா, கொஞ்சம் பொறுத்துக்கொள். நீ போளூர் கடைத்தெருத் தோல் வியாபாரி மகள். நான் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கியவள். பெண்கள் பள்ளி என்பதால்தான் நம் இரண்டு வீட்டிலும் அனுப்பினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நீதான் முதல். ஆனால் கல்லூரியில் பையன்களும் படிக்கிறார்கள் என்று உன் அப்பா உன்னை நிறுத்திவிட்டார். பிறகு வீட்டிலிருந்தே தபாலில் படித்து நீ கணக்கு டீச்சர் ஆனது தனிக் கதை.

"என்னை உள்ள வுட்ட அதே கேட்டுதான்டி வெளிய போகவும் வுடல" என்பாய். பெண்கள் பள்ளி என்ற அந்த கேட் இல்லாவிட்டால் நீ எட்டாவதே தாண்டியிருக்க மாட்டாய் என்பேன் நான். போன் சூடேறும்வரை இதையே பேசுவோம். யார் சொன்னது சரி?

நான் மலையிலேயே பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனபோது, சண்டையில் நானே ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நாடெங்கும் எத்தனை பெண்கள் பள்ளிகள், எத்தனை வீடுகளில் முதல் முறையாகப் புத்தகம் தூக்கிய பெண்கள்! என் பள்ளியும் அதில் ஒன்று என்ற கர்வம் எனக்கு உண்டு. இன்றும் அது குறையவில்லை.

போன மாசியில் ஒரு பேச்சு வந்தது. பிள்ளைகள் குறைவாம், என் பள்ளியைக் காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பையன்கள் பள்ளியோடு சேர்க்கப்போகிறார்களாம். எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பையன்களோடு எங்கள் பெண்களைப் படிக்க அனுப்பமாட்டோம் என்று ஒரு மனு எழுதி, ஊர் ஊராகப் போய் அப்பாக்களிடம் கையெழுத்து வாங்கினேன். ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லை. டீச்சரம்மா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று போட்டுக் கொடுத்தார்கள்.

அதிகாரி வந்தார். கோயில் முன்னால் கூட்டம். எங்கள் வழக்கப்படி ஆண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள், பெண்கள் பின்னால் நின்றார்கள். பின்னால் நிற்பவர்கள் கூட்டத்தில் பேசுவதில்லை. அதிகாரி மனுவைப் படித்துவிட்டுச் சிரித்தார். இவ்வளவுதானே, அங்கேயே பெண்களுக்குத் தனி வகுப்பறை ஒதுக்கிவிடுகிறோம், பையன்கள் பக்கத்திலேயே வரமாட்டார்கள் என்றார். பள்ளியைக் காப்பாற்ற நான் எழுதிய மனுவே அதை மூட வழி சொல்லிக் கொடுத்துவிட்டது, ஷாகிரா. முன்வரிசையில் இருந்த ஆண்கள் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஒன்பதாவது படிக்கும் செல்வியின் அம்மா குப்பம்மா. புருஷன் கோவிந்தன் திரும்பி முறைத்தும் அவள் நிறுத்தவில்லை.

"பசங்கள பாத்து எங்களுக்கு இன்னா பயம் சார்? எம் பொண்ணு பொறந்ததுலேர்ந்து பசங்களோடதான் புளி உலுக்குது. அந்தக் காட்டு வழிக்குதாங்க பயம். பஸ்ஸும் கிடையாது. இஸ்கூல் அங்க போய்ட்டா இவளுக்குப் பரியம் வாங்கிடலாம்னு இவரு இப்பவே பேசினுகீறாரு."

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குத் தரும் பரியப் பணத்தை வாங்கிவிட்டால் எங்கள் மலையில் பேச்சு முடிந்தது, பெண் அவர்கள் வீட்டுப் பெண். செல்வி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. நானும் அதே புளியமரத்தடியில் வளர்ந்தவள்தானே? உன் அப்பாவின் போளூர் பயத்தைக் கொண்டுவந்து மலையின் பயம் என்று எழுதியிருக்கிறேன். நீ சொன்ன அந்த கேட்டை இங்கே நானே சாத்தியிருக்கிறேன்.

எழுந்தேன். மனுவைத் திருப்பிக் கொடுங்கள் சார், நான் எழுதியது தப்பு என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். பிறகு கேட்டேன், பெண்கள் அங்கே போவதற்குப் பதிலாகப் பையன்கள் இங்கே வரட்டுமே? அவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். மற்றவர்கள் தங்க இங்கேயே பழைய விடுதிக் கட்டடம் ஒன்று காலியாக இருக்கிறது. கோவிந்தனைப் பார்த்து, இஸ்கூல் இங்கேயே இருந்தால் செல்வியை நிறுத்தமாட்டீங்களே என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "இங்கயே இருந்தா படிக்கட்டும்மா" என்றார்.

பலமுறை அலைந்த பிறகு உத்தரவு வந்தது. பெயர்ப் பலகையில் 'பெண்கள்' என்ற சொல்லைப் பெயிண்டர் அழித்தபோது அழுதுவிட்டேன், மறைக்கவில்லை. மறுநாள் காலை செல்வி வந்து, பையன்கள் எங்கே உட்காருவார்கள் டீச்சர் என்று கேட்டாள். நீங்கள் உட்கார்ந்தபின் மிச்சம் இருக்கும் இடத்தில் என்றேன். சிரித்துக்கொண்டே ஓடினாள். இப்போது பத்தாவது, கணக்கில் கொஞ்சம் மட்டம். நீ இருந்திருந்தால் சரி பண்ணியிருப்பாய்.

ஒன்று மட்டும் உன்னிடம் எப்போதும் சொன்னதில்லை. உன் அப்பா கல்லூரி வேண்டாம் என்ற அன்று நான் உங்கள் வாசலில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசாமல் பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டேன். என்னைத் தடுத்தது யார்?

இனி, பையன்கள் இருக்கிறார்கள் என்று எந்த அப்பா தன் பெண்ணை மேலே படிக்கவிடாமல் நிறுத்தினாலும், அந்த வீட்டு வாசலில் நான் நிற்பேன். இந்த முறை வாயைத் திறப்பேன். இது சத்தியம், ஷாகிரா.

உன் அம்மா பெறாத மகள்,
உன் சகோதரி அலமேலு