பெரில் நின்ற பக்கம்

கேப் டவுன்
ஆகஸ்ட் 1966

அன்பு மகன் வெர்னனுக்கு அம்மா எழுதுவது. லண்டனில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், இப்போது எனக்கு அது ஒன்று போதும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று வழக்கமாக எழுதுவேன், இந்தத் தடவை கை வரவில்லை. தந்தி கிடைத்திருக்கும். அப்பாவைச் சனிக்கிழமை அடக்கம் செய்துவிட்டோம். வர முடியவில்லையே என்று மனசைப் போட்டு வதைத்துக்கொள்ளாதே, இனி இந்த நாட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதானே உன்னைக் கப்பலேற விட்டார்கள்.

நெஞ்சுச் சளி முற்றிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் நம்மைப் போன்ற கலப்பினத்தவர் வார்டில் இடமில்லாமல் வராந்தாவில் போட்டிருந்தார்கள், சுவருக்கு அந்தப்புறம் வெள்ளையர் வார்டில் பாதிக் கட்டில் காலி. அப்பா பெரிலைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். உன் தங்கை தன் வெளுத்த தோலை வைத்து வெள்ளைக்காரி என்று அரசாங்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வெள்ளையர் குடியிருக்கும் பாரோவுக்குப் போனதிலிருந்து அவளிடம் அவர் பேசியதில்லை. அந்தப் பக்கம் போய்விட்ட சொந்தக்காரர்கள் தெருவில் எதிரே வந்தால் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடாமல் இருக்க நாம் முகம் கொடுக்கக் கூடாது, கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் பழக்கியவரே அவர்தானே. பக்கத்து வீட்டு கதீஜா பெரில் வீட்டில்தான் துணி துவைக்கிறாள், அவளிடம் சொல்லியனுப்பினேன். பெரில் அழுதாளாம். அப்புறம், "அந்த வார்டு வாசல்ல நான் நுழையறத யாராவது பாத்துட்டா என் பொண்ண பள்ளிக்கூடத்துலருந்தே தூக்கிடுவாங்க கதீஜாக்கா" என்றாளாம். அப்பாவிடம் சொன்னேன். "வராம இருக்கறதுதான் நல்லது, வந்தா மாட்டிக்குவா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எதுக்கும் தாடிய வழிச்சு விடு கத்ரீனா" என்றார். கடைசி வரை தினமும் வழித்துவிட்டேன், அவள் வரவில்லை.

சவ வண்டி மெயின் ரோட்டில் மெல்லப் போயிற்று, நாங்கள் பின்னால் நடந்தோம். உட்ஸ்டாக்கில் வெள்ளையர் பஸ் நிறுத்தத்தில் பெரில் நிற்கிறாள், புருஷன் கோபஸும் பெண்ணும் கூட. பாரோவில் இருப்பவளுக்குச் சனிக்கிழமை மத்தியானம் உட்ஸ்டாக்கில் என்ன வேலை, அப்பாவுக்காகத்தான் ஏதோ சாக்குச் சொல்லி வந்து நின்றிருக்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாழாய்ப்போன கழுத்து, பழகின கழுத்து, சட்டென்று கடைகள் பக்கம் திரும்பிவிட்டது. நான் சுதாரித்துப் பார்ப்பதற்குள் தாண்டி வந்துவிட்டோம். பின்னால் வந்த கதீஜாதான் பார்த்தாள். கோபஸ் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினானாம், அது மாமனார் என்று தெரியாமலே. பெரில் பெண்ணின் ஷூ நாடாவைக் கட்டுவதுபோலக் குனிந்தவள் வண்டி மறையும்வரை நிமிரவில்லையாம். அழுதாளா என்று நச்சரித்துக் கேட்டேன், முகம் தெரியவில்லை என்கிறாள்.

இந்தத் தெருவும் இனி வெள்ளையருக்காம், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வெளியே மணல்காட்டில் எங்கோ ஓர் அறை தருவார்களாம். எனக்கு எதிலும் பிடிப்பு இல்லை வெர்னன், சாமான்களைக் கட்டக்கூட மனசு வரவில்லை.

நீ நன்றாகச் சாப்பிடு. அங்கே குளிர் தொடங்கும் முன் ஒரு நல்ல கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், உனக்கும் அப்பாவின் நெஞ்சுதான். ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கைவேலை செழிக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. போன கடிதத்தில் பெரிலின் விலாசம் கேட்டிருந்தாய். திங்கட்கிழமை கோபஸ், யார் வீட்டுச் சாவு என்று கதீஜாவிடம் விசாரித்திருக்கிறான், பக்கத்து வீட்டுக்காரர் என்று சொன்னாளாம். "பாவம், என் பொண்டாட்டிக்கும் யாருமில்ல. அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் ஒரே ரயில் விபத்துல போயிட்டாங்க" என்றானாம். அதனால் அவளுக்கு எழுதாதே ராசா. செத்தவர்களிடமிருந்து தபால் வரக் கூடாது.

உன் அம்மா
கத்ரீனா