வீட்டுச் சிவப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இரண்டு வேளையும் நானே சமைக்கிறேன்.

போன வாரம் இந்த நாட்டில் வேலை செய்வதற்கான அனுமதியைப் புதுப்பிக்கப் போனேன். விண்ணப்பத்தில் இனம் என்ற கேள்விக்கு வெள்ளை, கறுப்பு, மற்றவர் என்று மூன்று கட்டங்கள். பெண் பார்த்த வீடுகளிலெல்லாம் "பையன் நல்ல செவப்பு" என்று நீங்கள் சொன்னதை நம்பி, வெள்ளையில் குறியிட்டேன். குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"நீங்க வெள்ளையா?"

"எங்க வீட்ல நான்தான் சார் செவப்பு."

"அதை வீட்டோட வச்சுக்குங்க."

பொய்த் தகவல் என்று எழுதிவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. அடுத்த மாதம் விசாரணை. அறியாமல் செய்தது என்று அதிகாரி நம்பினால் வேலை நிலைக்கும், நம்பாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இரவில் தூக்கம்தான் கொஞ்சம் குறைவு.

என் பள்ளிச் சான்றிதழை உடனே அனுப்புங்கள். அதில் நம் சாதி இருக்கும். இனத்துக்கு அது செல்லுமா என்று கேட்டுப் பார்க்கிறேன். கூடவே குடும்பப் படம் ஒன்று வேண்டும். அது விசாரணைக்கு இல்லை, சும்மா பார்க்கத்தான்.

தங்கச்சியை இனிமேல் கருவாச்சி என்று கூப்பிடாதீர்கள். இங்கே எங்கள் இருவருக்கும் ஒரே கட்டம்தானாம். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்