பிளாஸ்க் மூடியில் டீ

தம்பிக்கு,

பாகம் பிரித்த ஆறு வருடத்தில் உனக்கு எழுதும் முதல் கடிதம். சமாதானம் பேசுவதாக நினைத்துவிடாதே.

காமயகவுண்டன்பட்டியில் இப்படியொரு குளிரை நான் பார்த்ததில்லை. நேற்று விடிகாலைப் பனிமூட்டத்தில் திராட்சைப் பந்தலே தெரியவில்லை. பொதுக் கிணற்று மோட்டார் ரூம் வாசலில் குரங்குக் குல்லாவும் மப்ளருமாக ஒருவன் நடுங்கிக்கொண்டு நின்றான். மருந்தடிக்க வரும் சங்கிலி என்றே நினைத்தேன்.

"ஏலே, டீயக் குடி, வெறச்சுப் போயிராத" என்று பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தான். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "தையில மக கல்யாணம். என் தம்பி வீம்பு புடிச்ச பய. அவென் இல்லாம எப்பிடிடா மணவறை முன்னால நிப்பேன்?" என்றேன்.

அவன் மூடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உன் தோட்டத்துப் பக்கம் நடந்தான். அந்த நடையைப் பார்த்ததும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரைமணி கழித்துச் சங்கிலி வந்தான்.

என் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று ஊர் முன்னால் சொன்னவன் நீ. என் குரல் தெரியவில்லையா? தெரிந்துதான் குடித்தாயா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் பேசியது சங்கிலியிடம், உன்னிடம் அல்ல. ஆனாலும் பொய் என்று சொல்ல வரவில்லை.

நாளைக் காலை பத்திரிகையோடு வருகிறோம். உன் அண்ணி பிடிவாதம் பிடிக்கிறாள்.

இப்படிக்கு,
அண்ணன்