புது மாப்பிள்ளையின் சியா போத்தல்

ஜூன் 30, திங்கள்

இன்று காலை மேசையில் இருந்தவை: இடியப்பம், மாட்டிறைச்சிக் கறி, சொதி, அவித்த முட்டை, கதலி வாழைப்பழம், நேற்று மிஞ்சிய இனிப்பு வட்டிலப்பம். சாப்பிடுகிறவன் நான் ஒருவன். பக்கத்தில் நின்று பார்க்கிறவர் மாமி.

“மருமகன் ஒண்டுமே சாப்பிடல்லயே. என்ன, இறைச்சி அவியல்லயா?”

காத்தான்குடியிலிருந்து ஏறாவூருக்கு மாப்பிள்ளையாக வந்து இது இரண்டாவது மாதம். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறவன். அவன் கொழுத்தால் அந்த வீட்டுக்குப் பெருமை. மெலிந்தால் தெருவே வந்து காரணம் கேட்கும். நஸீறா மாமி அந்தப் பெருமையில் ஒரு கரண்டிகூடக் குறைய விடமாட்டார்.

இரத்தப் பரிசோதனை முடிவு சட்டைப் பைக்குள் கிடக்கிறது. டொக்டர் சொன்னது: “சீனி வருத்தத்தின்ட வாசல்படியில நிக்கிறீங்க ஸாஹிர் தம்பி. சீனியையும் மாச்சாப்பாட்டையும் குறைங்க, புரதத்தக் கூட்டுங்க. மூணு மாசத்தில இறங்காட்டி குளிசைதான்.” எனக்கு இருபத்தொன்பது வயது. சீனி வருத்தத்தில் வாப்பாவின் கால் விரல்கள் போனபோது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

மனைவி ஸாதியாவிடம் மட்டும் சொன்னேன். “உம்மாட்ட இப்ப சொல்லாதீங்க மச்சான். தெரு முழுக்க துஆக் கேக்க வெச்சிருவா” என்றாள்.

ஜூலை 2, புதன்

எனக்குக் கரடியனாற்றுப் பக்கம் மாடு பார்க்கிற வேலை. கடதாசியில் அதற்குப் பெயர் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர். என்னோடு வேலை செய்கிற சுஜீவன் நாவற்குடாக்காரன். காலை பத்து மணிக்கு ஒரு போத்தலைத் திறந்து கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“என்னடா இது, தவளை முட்டையா?”

“சியா விதை மச்சான். ராவைக்கு ஊறப் போட்டா விடிய எழும்ப சாப்பாடு ரெடி. டினோஷா ரெண்டு மூண்டு நாளைக்குச் சேத்துச் செஞ்சு பிரிஜ்ஜில அடுக்கிருவா. எங்கட அவசரத்துக்கு இதுதான் சரி.”

டினோஷா அவன் மனைவி. ஒரு கரண்டி தந்தான். வழுவழுவென்று போனது. முதலில் மனம் ஒப்பவில்லை. மூன்றாவது கரண்டியை நானே கேட்டு வாங்கினேன். கட்டித் தயிரும் கச்சான் கடலையும் சேர்த்தால் புரதம் கூடுமாம். அதிசயம், மதியம் வரை பசிக்கவே இல்லை.

ஜூலை 4, வெள்ளி

ஜும்ஆ முடிந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போய் சியா விதை வாங்கினேன். வாங்குவது லேசு. குசினிக்குள் போவதுதான் பெரும்பாடு.

நான் காலை வைத்ததுதான் தாமதம், மாமி எழுந்து நின்றுவிட்டார். “என்ன மகன் வேணும்? பசிக்கிதா?” நான் வாயைத் திறக்க முன் தாச்சியில் முட்டை விழுந்துவிட்டது. கூடவே அப்பளம். சாப்பாட்டைக் குறைக்கப் போனவன் இரண்டு முட்டைப் பொரியலோடு திரும்பி வந்தேன். முட்டையிலும் புரதம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மாமி மஃரிப் தொழுகிற நேரம் பார்த்துக் களவாகப் போய், ஒரு போத்தலில் பாலையும் விதையையும் போட்டு ஒரு கலக்குக் கலக்கி, பிரிஜ்ஜில் தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பின்னால் ஒளித்தேன். மிச்ச விதையைப் பழைய பால்மா டின்னில் கொட்டி, குசினிச் சுவர்த் தட்டில் கடைசியாகத் தள்ளினேன். சொந்த வீட்டில் களவெடுக்கிறவன் நான்தான். சொந்த வீடா? அதுதான் கேள்வி.

ஜூலை 5, சனி

அடியில் சீமெந்து, மேலே தண்ணிப் பால். பூனைக்கு வைத்தேன். அது என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

ஜூலை 8, செவ்வாய்

பிடித்துவிட்டேன்! ஒரு தரம் கலக்கினால் காணாது. கலக்கி, கொஞ்ச நேரம் விட்டு, கட்டி பிடிக்கத் தொடங்கும்போது மறுபடியும் அடிவரை கரண்டி விட்டுக் கலக்க வேண்டும். சுஜீவன் இந்த முக்கியமான சங்கதியைச் சொல்லவே இல்லை. “மறந்திட்டன் மச்சான்” என்று சிரிக்கிறான்.

தயிர் கரடியனாற்றிலிருந்து, எருமைத் தயிர். துணியில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து வெண்ணெய் போல் வருகிறது. விதையைப் பாலில் ஊறவைத்து, இந்தத் தயிரையும் வறுத்து இடித்த கச்சானையும் சேர்த்து, உப்பு ஒரு கிள்ளு, மேலே மாம்பழம் நாலு துண்டு. சீனி கிடையாது. தயிர்த் துணியை எங்கே தொங்கவிடுவது என்பதுதான் பிரச்சினை. இப்போதைக்கு எங்கள் அறை ஜன்னல் கம்பியில். ஸாதியா மூக்கைப் பொத்திக்கொண்டு தூங்குகிறாள்.

ஜூலை 10, வியாழன்

இரண்டு இடியப்பத்தோடு மேசையை விட்டு எழும்பினேன். மாமி மிச்சத்தை மூடிவைத்துவிட்டுக் குசினிக்குப் போனார். ஏசியிருந்தால் நல்லது.

ஜூலை 13, ஞாயிறு

இன்று நடந்ததைச் சிரித்துக்கொண்டு எழுதுவதா, தலையில் அடித்துக்கொண்டு எழுதுவதா?

மாமனார் அசனார் மாமாவின் ராத்தா, அதாவது அக்கா, றஸீனா மாமி விருந்துக்கு வருவதாக இருந்தது. ஊரில் யார் வீட்டில் என்ன குறை என்பது அவருக்கு மனப்பாடம். நஸீறா மாமி விடியவே பிரியாணிக்கு ஆயத்தமாகி, பெரிய கண்ணாடி ஜக்கில் பலூடாவும் கரைத்தார். அதில் போடுகிற கறுப்புக் கசகசா முடிந்திருந்தது. தட்டில் தேடியிருக்கிறார். பால்மா டின்னுக்குள் கறுப்பு விதை. பலூடாவில் ஊறவிடுகிற கசகசா என்றே நினைத்துவிட்டார். யார்தான் நினைக்கமாட்டார்? விருந்தாளிகள் வருகிறார்களே என்று தாராளமாகவே அள்ளிப் போட்டிருக்கிறார்.

அவர்கள் வர வெகு நேரம் சுணங்கியது. ஜக் பிரிஜ்ஜில் இருந்தது.

சாப்பாடு முடிந்து மாமி ஜக்கைக் கொண்டுவந்து கிளாசில் சரித்தார். ஒன்றும் விழவில்லை. இன்னும் சரித்தார். ஜக்கின் வாய் நிலத்தைப் பார்க்கிறது, பலூடா அசையவில்லை. அசனார் மாமா ஜக்கின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மொத்தமும் ஒரே கட்டியாக, ரோஸ் நிறத்தில், றஸீனா மாமியின் பீங்கானில் ‘பொத்’தென்று வந்து குந்தியது.

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! ஸாதியா எழும்பி அறைக்குள் ஓடிவிட்டாள்.

“இது எந்தக் கடைக் கசகசா?” என்றார் றஸீனா மாமி. “மருமகன் வாங்கின போல” என்றார் மாமி. அதோடு விட்டிருக்கலாம். றஸீனா மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதுசரி, மாப்பிள்ள என்ன இப்பிடி மெலிஞ்சி போனாரு? கலியாணத்தண்டு கன்னம் நல்லா இருந்திச்சே. ஊட்டுல ஆக்கிறல்லயா நஸீறா?”

மாமியின் முகம் போன போக்கைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஜூலை 14, திங்கள்

காலையில் மேசையில் எல்லாம் இருந்தது. மாமி மட்டும் இல்லை.

ஜூலை 16, புதன்

ஸாதியா என்னோடு கோபம். “உம்மா சரியாச் சாப்பிடுறதுமில்ல. அவட சாப்பாடு உங்களுக்குப் பிடிக்கல்லையாம், அதான் களவா வேற ஏதோ திங்கிறீங்களாம். டின்னைக் கண்டுட்டா, போத்தலையும் கண்டுட்டா. நான் என்ன சொல்ற?”

“சொல்லாத எண்டது நீதானே!”

“அது இப்பிடி வரும் எண்டு நான் கண்டனா?”

சொல்லிவிடலாம். ஏன் எனக்கு வாய் வரவில்லை? பொண்ணைச் சீனி வருத்தக்காரனுக்குக் குடுத்திட்டமே என்று நினைப்பார்கள் — அதுவா? அதுவும்தான். ஆனால் அதைவிட வேறொன்று இருக்கு. வாப்பாவுக்கு வருத்தம் வந்த பிறகு எங்கட வீட்டில அவரை வாப்பாவாப் பார்த்தது யார்? அவர் சாப்பாட்டுக் கோப்பையைத்தான் எல்லாரும் பார்த்தோம். ஒரு துண்டு பழம் எடுத்தால் நாலு பேர் கண். அவர் கடைசியில் தனியாச் சாப்பிடப் பழகிட்டார். எனக்கு அது வேண்டாம். வந்து ரெண்டு மாசத்தில நோயாளி எண்டு பேரெடுக்க வேண்டாம்.

ஆனால் மாமி சாப்பிடாமல் இருக்கிறாரே. என்ர பயத்துக்கு அவ ஏன் பட்டினி கிடக்க வேணும்? இது நல்லா இல்ல ஸாஹிர். கொஞ்சமும் நல்லா இல்ல.

ஜூலை 18, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

ஜும்ஆவால் வந்து நேரே குசினிக்குப் போனேன். மாமி எழுந்தார். “இருங்க மாமி, எனக்கு ஒண்டும் வேணா” என்றேன். அவர் முன்னாலேயே போத்தலை எடுத்து, விதை போட்டு, பால் ஊற்றிக் கலக்கினேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தார். இரண்டாவது தரம் கலக்கக் காத்திருக்கிற நேரத்தில் சொன்னேன். டொக்டர் சொன்னது, வாப்பாவின் கால், எல்லாம்.

மாமி கத்தியைக் கீழே வைத்தார். வெங்காயத்தால் வந்த கண்ணீரா என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

“இதச் சொல்ல இவ்வளவு நாளா? நான் என்ர கையில ருசி இல்லாமப் போச்சு எண்டு… அந்த றஸீனா மச்சிட வாய்க்கு வேற பயந்து…” என்று நிறுத்தினார். மூக்கைத் துடைத்தார். “அப்ப நான் உங்களுக்கு வட்டிலப்பம் தந்து தந்து…”

“நான்தானே மாமி திண்டது.”

“வாய மூடுங்க.” பிறகு போத்தலை எட்டிப் பார்த்தார். “மறுகா என்ன செய்யணும் இதுக்கு?”

அவர் மதியம் சோறு சாப்பிட்டார். வயிறாரச் சாப்பிட்டார். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

அவசரப்பட்டுச் சந்தோஷப்பட்டுவிட்டேன். பிரிஜ்ஜைத் திறந்தால் ஒரு தட்டு முழுக்கச் சியா போத்தல்கள்! முந்திரி, பேரீச்சம்பழம், தேன், மேலே பொரித்த வற்றல்கூட.

“மாமி, ஒரு நாளைக்கு ஒரு போத்தல்தான்.”

“புது மாப்பிள்ளைக்கு ஒரு போத்தல வெச்சா பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?”

யார் வந்து பிரிஜ்ஜைத் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. தேன் விட்டதை மாமா சாப்பிட்டுத் தீர்த்தார். இரண்டு போத்தல். “நல்லாத்தான் இரிக்கி” என்று மூன்றாவதைப் பார்த்தார். மாமி அந்தப் போத்தலைப் பிடுங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாமியின் கைக்கு எதுவும் அடங்கும். தேன் போய்விட்டது, பேரீச்சம்பழம் போய்விட்டது. பயறை வறுத்து மாவாக்கி ஒரு கரண்டி சேர்க்கிறார், ஏலம் தட்டிப் போடுகிறார். சியா போத்தலில் இல்லாமல் சின்னத் தயிர்ச் சட்டியில் ஊறுகிறது. மண்சட்டி தண்ணீரை உறிஞ்சிவிடுவதால் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடவே தேவையில்லை. விடிய வழித்துப் போத்தலில் அடைத்துத் தருகிறார். ஸாதியாவுக்குத்தான் பெரிய நிம்மதி, ஜன்னல் திரும்பக் கிடைத்துவிட்டது. சுஜீவனுக்கு ஒரு சட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். “டினோஷாவிட்ட இதச் சொல்லிராத” என்றான், அடியை வழித்துக்கொண்டு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

றஸீனா மாமி வந்து செய்முறை கேட்டாராம். அவருக்கும் சீனி வருத்தமாம், நாலு வருஷமாக யாருக்கும் சொல்லவில்லையாம். நஸீறா மாமி இரண்டாவது தரம் கலக்கிறதைச் சொல்ல ‘மறந்து’விட்டதாக என்னிடம் வந்து சொன்னார். நான் வற்புறுத்திய பிறகுதான் போன் எடுத்துச் சொன்னார். எடுத்தவர் அரை மணி நேரம் பேசினார்.

செப்டம்பர் 27, சனி

இறங்கிவிட்டது! டொக்டர் கடதாசியை இரண்டு தரம் பார்த்தார். குளிசை தேவையில்லை, இப்படியே போங்க, ஆறு மாதத்தில் வாங்க என்றார். மோட்டார் சைக்கிளில் வரும்போது ஒரு இடத்தில் நிறுத்தி, வாவியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது இல்லாத வாப்பாவிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து நேரே குசினிக்குப் போய் மாமியிடம் சொன்னேன். மாமி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார், கண்ணை மூடி. திறந்தவுடனே என் ஒபிஸ் பையைக் காட்டினார்.

“மறுகா இது என்ன? மூணு நாளுப் போத்தல் உள்ளுக்குக் கிடந்து நாறுது. கழுவி வெக்க கை இல்லையா? எத்தன தரம் சொல்ற? எல்லாத்துக்கும் நான் பின்னால வரணுமா?”

குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். நான் போத்தல்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். சத்தம் கேட்டு ஸாதியா ஓடிவந்தாள். “என்ன மச்சான், உம்மா உங்களுக்கா ஏசின?” முகம் வெளிறிப்போயிருந்தது, பாவம்.

“ஓம், எனக்குத்தான்” என்றேன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இந்த வீட்டில் மாமி இதுவரை ஏசியது தான் பெற்ற பிள்ளைகளை மட்டும்தான்.