அந்த மூன்று நோட்டுகளும் நான் போட்டவை

நான் செய்ததை நீ உன் பெயரில் போட்டுக்கொண்டாய். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு பேசலாம்.

இன்று காலை நம் இரத்ததான மன்றத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்து ஆண்டு மலரைக் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளி ஆசிரியை, நம்மைவிட முப்பது வயது இளையவர். மலரைப் பிரித்ததும் பசையும் மையும் கலந்த வாசனை வந்தது. மூன்றாம் பக்கத்தில் உன் படம். டெரிலின் சட்டை, எப்போதும்போல் உயர்த்திய மோவாய். படத்துக்குக் கீழே, 'நமது கொடையாளர் பதிவேட்டு முறையை வகுத்தவர்' என்று போட்டிருக்கிறார்கள். என் பெயரும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், 'மிதிவண்டி தந்து உதவியவர்கள்' வரிசையில் நான்காவதாக.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இறந்தவர்மேல் பொறாமைப்படக் கூடாது என்கிறார்கள். எனக்கு இருக்கிறது. நீ உயிரோடு இருந்தபோது எவ்வளவு இருந்ததோ அவ்வளவு இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த என் வாடகை சைக்கிள் கடைதான் மன்றத்துக்கு அலுவலகம். நீ பி.எஸ்சி. முடித்த அரசாங்க எழுத்தர், நான் எட்டாவதோடு நின்றவன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் சீட்டை நீ படிப்பாய். ஆளைத் தேடி நான் சைக்கிள் மிதிப்பேன். பதிவேடு என்று ஒரே ஒரு தடித்த நோட்டு, உன் கையெழுத்தில். யாராவது இரத்தம் கொடுத்தால் அதில் ஒரு வரி ஏறும். தேதி, நோயாளி, கொடுத்தவர் பெயர், அவருடைய இரத்த வகை, ஊர், அந்த ஊரில் யாரிடம் சொல்லி அனுப்புவது, எல்லாம் அந்த ஒரே வரியில். ஒருவர் ஆறு முறை கொடுத்திருந்தால் அவருடைய இரத்த வகையை ஆறு முறை எழுதியிருப்பாய். அதில் ஐந்து ஒன்றாகவும் ஒன்று வேறாகவும் இருக்கும். எதை நம்புவது?

குரும்பகரத்துக்காரர்களுக்கு அங்கிருந்த டீக்கடை மூலம் சேதி சொல்வோம். கடைக்காரர் ஒருநாள் கடையை எடுத்துக்கொண்டு திருநள்ளாறு கோயில் பக்கம் போய்விட்டார். நோட்டில் பத்தொன்பது வரியில் அவர் பெயர் இருந்தது. நீ பதினாறில் திருத்தினாய். மீதி மூன்று ஆட்களைத் தேடி, இல்லாத கடைக்கு வெயிலில் போய் நின்றவன் நான். கொடுக்கிறேன் என்று தானாக வந்து பெயர் சொன்னவர்களை எழுத அந்த நோட்டில் இடமே இல்லை. இன்னும் கொடுக்கவில்லையே, எந்த வரியில் எழுதுவது? ஒரு பக்கம் மழையில் ஊறிக் கிழிந்தபோது, அதில் மட்டும் இருந்த நான்கு பேரை மன்றமே மறந்துவிட்டது.

இதற்கு மருந்து கண்டவன் நான்தான். பஞ்சர் ஒட்டிக்கொண்டே பல நாள் யோசித்தேன். இரத்த வகை ஆளுக்குச் சொந்தம், அவர் எத்தனை முறை கொடுத்தால் என்ன? சேதி சொல்லும் கடை ஊருக்குச் சொந்தம், அந்த ஊரில் எத்தனை பேர் இருந்தால் என்ன? எது எதற்குச் சொந்தமோ அதை அங்கே ஒரே ஒரு முறை எழுதினால் போதும். மூன்று நோட்டு வாங்கினேன். ஆள் நோட்டில் ஒருவருக்கு ஒரே வரி: பெயர், இரத்த வகை, ஊர். ஊர் நோட்டில் ஒரு ஊருக்கு ஒரே வரி: அங்கே யாரிடம் சொல்வது. கொடை நோட்டில் தேதி, நோயாளி, கொடுத்தவர் பெயர், அவ்வளவுதான். மற்ற விவரம் வேண்டுமென்றால் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆள் நோட்டுக்குப் போ, ஊரைப் பிடித்துக்கொண்டு ஊர் நோட்டுக்குப் போ.

நீ புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு நோட்டத் தூக்கிட்டுத் திரிஞ்சோம், இப்ப மூணத் தூக்கணுமா மாப்ளே?" என்றாய். மறு வாரம் இன்னோர் ஊரில் சேதி சொல்லும் டீக்கடை மாறியது. நான் ஒரு வரியைத் திருத்திவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன். நீ சைக்கிள் மணியை இரண்டு தடவை அடித்தாய்.

சில வருடம் கழித்து உன் அலுவலகம் உன்னைப் புதுச்சேரிக்குக் கணினிப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்து, ஆங்கிலக் குறிப்புகளை என் கடையில் உட்கார்ந்து படித்துக் காட்டினாய். அட்டவணைகளைப் பிரிப்பது, ஒரு செய்தியை ஓரிடத்தில் வைப்பது, ஒன்றைக்கொண்டு இன்னொன்றைத் தொடுவது.

"இதத்தானடா நான் இத்தனை வருஷமா செஞ்சுக்கிட்டு இருக்கேன்?"

"ஆமாண்டா. அங்க இதுக்குப் பேரு நார்மலைசேஷன். புஸ்தகம் போட்டுச் சொல்றான். நீ பஞ்சர் ஒட்டிக்கிட்டே சொல்லிப்புட்ட."

அன்று நீ சொன்ன அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று உனக்குத் தெரியாது. அதே நேரத்தில் வயிறும் எரிந்தது. அவர்கள் உனக்கு நாற்காலி போட்டு, கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்தார்கள். உன் குறிப்புகளை இரவல் வாங்கி அகராதியை வைத்துக்கொண்டு நானும் படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆனது. நீ கேட்டுக்கேட்டுச் சலித்துப்போகும்வரை திருப்பித் தரவில்லை.

பிறகு மன்றத்தின் பதிவேட்டை நீ கணினியில் ஏற்றினாய். அதற்கு ஒரு விழா. பெரிய அதிகாரிகள் வந்தார்கள். உனக்கு மாலை விழுந்தது. பாதி ஆங்கிலம், பாதி தமிழில், "நான் வகுத்த முறை" என்று பேசினாய். நான் ஏழாவது வரிசையில் இருந்தேன். முடிந்ததும் டீ கொடுக்கும் இடத்தில் உன்னைப் பிடித்தேன்.

"யாரு வகுத்தது?"

"மேடையில அதையெல்லாம் வெளக்கிக்கிட்டு நிக்க முடியுமாடா?"

"என் பேரச் சொல்ல எவ்வளவு நேரம் ஆவும்?"

"சொல்றேன். ஆனா அந்தோணி கதையையும் சேத்துத்தான் சொல்லணும். சொல்லட்டுமா?" என்றாய், சிரித்துக்கொண்டே.

நான் டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நாம் பேசிக்கொண்டதெல்லாம் துஷ்டி வீடுகளிலும் கல்யாண வீடுகளிலும்தான்.

அந்தோணி கதையை இத்தனை வருடமும் நான் யாரிடமும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

ஆள் நோட்டைப் புதிதாக எழுதும்போது உன் பழைய நோட்டில் எஸ். அந்தோணி இரண்டு விதமாக இருந்தான். ஒரு வரியில் ஓ நெகட்டிவ், இன்னொரு வரியில் பி பாசிட்டிவ். அதே தெரு, அதே வீடு. வழக்கம்போல நீ செய்த பிழை என்று நினைத்தேன். வீட்டுக்கே போய்க் கேட்டேன். அந்தோணியின் அம்மா இரத்த வகைச் சீட்டை எடுத்துக் காட்டி, "பி பாசிட்டிவுதாங்க" என்றார். ஓ நெகட்டிவை அடித்துவிட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு வரி என்பதில் எனக்கு அவ்வளவு கர்வம்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் சீட்டு வந்தது. குரும்பகரத்துப் பெண், பிரசவம், நிறைய இரத்தம் போய்விட்டது, ஓ நெகட்டிவ் வேண்டும். ஆள் நோட்டில் ஒருவரும் இல்லை.

"அந்தோணி இருக்கானேடா," என்றாய்.

"அவன் பி பாசிட்டிவ். நான் வூட்டுலயே கேட்டுட்டேன்."

"நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போன ஆளுடா!"

"அப்ப தப்பா எழுதியிருப்ப. நோட்டு சொல்றது சரி."

கால் மணி நேரம் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நீ ஒரு சைக்கிளை இழுத்துக்கொண்டு கிளம்பினாய். உன் தோல்வியைப் பார்க்க நானும் பின்னாலேயே வந்தேன். கதவைத் திறந்த அந்த அம்மா கேட்டார்: "எந்த அந்தோணிங்க? எங்க அந்தோணியா, கொழுந்தனாரு மகன் அந்தோணியா? மாமனார் பேருங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மூத்த புள்ளைக்கு வச்சிட்டாங்க." ஒருவனுக்கு அப்பா சவரிமுத்து, மற்றவனுக்கு சூசை. இரண்டுக்கும் இனிஷியல் எஸ். உள்ளேயிருந்து இரண்டு அந்தோணிகளும் சோற்றுக் கையோடு எழுந்து வந்தார்கள்.

ஓ நெகட்டிவ் அந்தோணி நம்மோடு வந்து கொடுத்தான், அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். நான் வீணாக்கிய கால் மணி நேரத்தையும் தாண்டிப் பிழைத்தாள்.

மறுநாள் நீ சிவப்பு மையோடு வந்து ஆள் நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் போட்டாய். "பேர நம்பாதடா. அது தாத்தா வச்சது, நம்ம இஷ்டத்துக்கு வராது. நம்பரு நம்ம கையில இருக்கு" என்றாய். கொடை நோட்டிலும் பெயருக்குப் பதில் எண் வந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் இன்னொருவருக்குள் காணாமல் போகவில்லை.

நீ அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தாய் என்பதற்காக நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. நோட்டு என்னுடையது. ஆனால் கடை வாசலில் ஒருவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் என் வாய், "எந்த அந்தோணி?" என்று அந்த அம்மா கேட்டதுபோல, "யாரு மகன், எந்த வூடு?" என்றுதான் கேட்கிறது. அது நீ வைத்த பழக்கம்.

ஆகவே, செய்ய வேண்டியவை இவை. செயலாளர் அம்மா, மூன்றாம் பக்கத்தில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும்: பதிவேட்டை மூன்றாகப் பிரித்தவன் சைக்கிள் கடைக்காரன். எல்லாப் பிரதியிலும் ஒட்ட வேண்டும். உன் மகள், கணினியில் ஏற்ற நீ எடுத்துப்போய் உன் பெட்டியிலேயே வைத்துக்கொண்ட ஆள் நோட்டை மன்றத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். கையெழுத்து யாருடையது என்று ஊர் பார்க்கட்டும். இப்போது மன்றத்தில் கணினி பார்ப்பவர், எல்லாவற்றையும் மறுபடி ஒரே நீள அட்டவணையில் போட்டு வைத்திருக்கிறார். அச்சடித்துக் காட்டினார். ஒரே ஆளுக்கு இரண்டு இரத்த வகை இருக்கிறது. அதை அவர் இந்த மாதமே பிரிக்க வேண்டும், எதையும் அடிப்பதற்கு முன்னால் வீட்டுக்குப் போய் எல்லாரையும் வெளியே வரச்சொல்லிப் பார்க்க வேண்டும்.

சீட்டில் இரண்டாவது வரி ஒன்றும் வேண்டும். ஓ நெகட்டிவ் அந்தோணியை அடித்தது யார், எண் போட்டுக் காப்பாற்றியது யார் என்று. அதை வேறு யாரும் எழுத முடியாது. நான்தான் எழுத வேண்டும்.