மாடியறையில் ஒளிந்திருந்த கணவன்

துப்பறியும் மேடத்துக்கு,

டிப்போவுக்குக் கிளம்புகிறேன். சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சுட வைத்துச் சாப்பிடு. குழாய் சரிசெய்கிறவர் காலையில் வருவார். அவர் போன பிறகு தூங்கு.

நம் மர்மத் தொடரின் கடைசிப் பகுதியை நேற்று தனியாகப் பார்த்துவிட்டேன். சேர்ந்துதான் பார்ப்பது என்று பேச்சு. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நைட் ஷிப்டுக்குத் தலையாட்டியது நீதானே.

கொலைகாரன் யார் தெரியுமா? செத்துப்போன கணவன். அவன் சாகவே இல்லையாம். ஒரு வருஷமாக அதே வீட்டு மாடியறையில் ஒளிந்திருந்து, மனைவி வேலைக்குப் போனதும் இறங்கி வந்து சாப்பிட்டு, குளித்து, தூங்கியிருக்கிறான். அவளுக்கு ஒன்றுமே தெரியாதாம். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "யார் காதுல பூ சுத்துறாங்க?" என்று டிவியைப் பார்த்துக் கத்தியிருப்பாய். நான் கத்திப் பார்த்தேன். தனியாகக் கத்தினால் நன்றாகவே இல்லை.

நாமும் இப்போது அப்படித்தானே இருக்கிறோம். நான் போனதும் நீ வருகிறாய், நான் வருவதற்குள் கிளம்பிவிடுகிறாய். ஆனாலும் எனக்கு எல்லாம் தெரிகிறது. ஈரத்துண்டு நாற்காலியில் கிடந்தால் அலுத்து வந்திருக்கிறாய். டீ பாதியில் ஆறிக் கிடந்தால் வார்டில் யாருக்கோ முடியாமல் போயிருக்கிறது. நேற்று என் தலையணையில் உன் தலை வாசம்.

ஒரு வருஷம் தெரியாமல் இருந்தாளாம். கதை எழுதினவர் யாரையும் தேடியதே இல்லை போல.

சாவி வழக்கமான இடத்தில்.

பி.கு.: கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அந்தத் தலையணை உறையை மட்டும் துவைக்கப் போட்டுவிடாதே.